பொருளோடா, கூலிக்கு மட்டுமா? கட்டட ஒப்பந்ததாரருக்கான உரிமமும் வரியும்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் வேலை பார்த்த ஒருவரோ, பொறியியல் படித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் சில காலம் களப்பொறியாளராக இருந்த ஒருவரோ, முதல் முறையாகத் தம் பெயரில் ஒரு வீட்டைக் கட்டித்தர ஒப்புக்கொள்ளும்போது கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘லைசென்ஸ் எங்கே எடுக்க வேண்டும்?’ என்பதாகவே இருக்கும். தமிழ்நாட்டில் இதற்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. தனியார் ஒருவருக்கு வீடு கட்டிக்கொடுப்பதற்கென ‘கட்டட ஒப்பந்ததாரர் உரிமம்’ என்ற பெயரில் மாநிலம் முழுமைக்கும் பொதுவான ஒரு சான்று இங்கே வழங்கப்படுவதில்லை. அதனால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. யாருக்காகக் கட்டுகிறோம், எத்தனை பேரை வைத்துக் கட்டுகிறோம், பொருளையும் நாமே வாங்கிப் போடுகிறோமா என்ற மூன்றையும் பொறுத்து வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு பதிவுகள் தேவைப்படுகின்றன. வரியின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இவற்றுள் மூன்றாவது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பொருளும் உழைப்பும் கலந்த ஒப்பந்தம்

ஒரு கட்டட ஒப்பந்தத்தில் சிமென்ட், கம்பி, ஓடு போன்ற பொருள்களும் இருக்கின்றன, ஆட்களின் உழைப்பும் இருக்கிறது. இது விற்பனையா, சேவையா என்ற கேள்விக்கு இந்திய வரிச் சட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான வழக்கு சென்னையிலிருந்து சென்றது. அன்றைய சென்னை மாநில அரசுக்கும் கேனன் டங்கர்லி நிறுவனத்துக்கும் இடையிலான அந்த வழக்கில், கட்டட ஒப்பந்தம் பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம் என்றும், அதற்குள் சிமென்ட் விற்பனை என்று தனியாக ஒன்றைக் கண்டுபிடித்து விற்பனை வரி விதிக்க முடியாது என்றும் 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கு அந்த வரியை மீட்டுத்தர 1982இல் அரசியலமைப்பின் 46ஆவது திருத்தமே தேவைப்பட்டது. பிறகு பொருளுக்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி, உழைப்புக்கு மத்திய அரசின் சேவை வரி என ஒரே வேலைக்கு இரண்டு கணக்குகள் வைக்க வேண்டியிருந்த காலமும் வந்துபோனது. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., நடைமுறைக்கு வந்தபோது அசையாச் சொத்தின்மீது பொருளும் உழைப்பும் சேர்த்துச் செய்யப்படும் வேலை முழுவதும் ‘பணி ஒப்பந்தம்’ என்ற ஒரே சேவை என்று சட்டமே வரையறுத்துவிட்டது. அதன் பொதுவான விகிதம் 18 விழுக்காடு. மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9.

சேவை என்று வகைப்படுத்தியதால் உடனடியாக ஒரு விளைவு உண்டு. பொருள் மட்டும் விற்கும் கடைக்காரர் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு செய்யத் தேவையில்லை. ஒப்பந்ததாரருக்கோ அந்த வரம்பு 20 லட்சம். பொருளோடு எடுத்துக் கட்டினால் ஒரு நடுத்தர வீடே இந்த வரம்பைத் தாண்டிவிடும். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெறாதவர் ‘ஜி.எஸ்.டி.’ என்று பில்லில் எழுதி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

கூலிக்கு மட்டும் எடுப்பவரின் நிலை வேறு. வீட்டுக்காரரே எல்லாப் பொருள்களையும் வாங்கித்தர, ஒப்பந்ததாரர் ஆட்களை மட்டும் வைத்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் பகுதியாக இல்லாத ஒரு தனி வீட்டைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தால், அந்தக் கூலிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. இப்படிப்பட்ட வேலைகளை மட்டுமே செய்பவர் எவ்வளவு சம்பாதித்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ‘லேபர் காண்ட்ராக்ட்’ என்று பேச்சில் சொல்லப்படும் எல்லாமே இந்த விலக்குக்குள் வந்துவிடுவதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்துக்கோ கடைக்கோ பள்ளிக்கோ கூலிக்கு எடுத்தால் வரி உண்டு. பழைய வீட்டில் பூச்சு உரித்துப் பூசுவதும் தரைக்கு ஓடு மாற்றுவதும் புதுக் கட்டுமானம் ஆகாது. அவற்றுக்கும் வரி உண்டு. சிமென்டும் கம்பியும் வீட்டுக்காரருடையவை, மணலும் ஜல்லியும் ஒப்பந்ததாரருடையவை என்று பேசிக்கொண்டாலும் அது தூய கூலி ஒப்பந்தம் ஆகாது. ஒரே வீட்டுக்கு ஒரே ஒப்பந்ததாரர் கூலிக்கு ஒன்றும் பொருளுக்கு ஒன்றுமாக இரண்டு தாள்களில் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் படிப்பார் என்பதால், அதை நம்பித் தொழிலைத் தொடங்குவது சரியல்ல என்பது என் கருத்து.

36 லட்சம் ரூபாய் வீடு

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். 1,500 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் வீதம் பொருளோடு கட்டித்தர ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 லட்சம். வரி தனி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வீட்டுக்காரர் மேற்கொண்டு 6,48,000 ரூபாய் தர வேண்டும். அது ஒப்பந்ததாரரின் பணம் அன்று, அரசுக்காக அவர் வாங்கி வைத்திருக்கும் பணம். ஆனால் முழுவதையும் அவர் கட்ட வேண்டியதில்லை. 18 லட்சம் ரூபாய்க்குப் பொருள் வாங்கி, அதற்கு ஏற்கெனவே 18 விழுக்காடு வீதம் 3,24,000 ரூபாய் வரி கொடுத்திருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதி 3,24,000 ரூபாயைக் கட்டினால் போதும். இந்தக் கழிவுக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். உண்மையில் மணல் போன்ற சில பொருள்களின் விகிதம் வேறு; கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 18 விழுக்காடாக இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வரியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால், ‘எல்லாம் சேர்த்துத்தானே சொன்னீர்கள்’ என்பார் வீட்டுக்காரர். அப்போது அந்த 36 லட்சத்துக்குள்ளேயே வரி அடங்கிவிடும்: 118இல் 18 பங்கு, அதாவது ஏறத்தாழ 5,49,000 ரூபாய். ஒப்பந்ததாரரின் கைக்கு உண்மையில் வந்தது 30,51,000 ரூபாய்தான். சதுர அடிக்கு 2,400 என்று பேசிய வேலை 2,034 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களின் முதல் இரண்டு வேலைகளில் லாபம் எங்கே போயிற்று என்று தேடினால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிடைக்கும்.

முந்தைய ஆண்டு விற்றுமுதல் 50 லட்சத்துக்கு மேற்படாத சேவையாளர்களுக்கு ‘காம்போசிஷன்’ எனப்படும் இணக்க வரித் திட்டம் உண்டு. அதில் விற்றுமுதலில் 6 விழுக்காடு மட்டும், காலாண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். 18க்குப் பதில் 6 என்றதும் பலர் உடனே இதில் சேர நினைப்பது இயல்பு. ஆனால் இத்திட்டத்தில் உள்ளவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்க முடியாது, உள்ளீட்டு வரி வரவும் எடுக்க முடியாது. மேலே சொன்ன வீட்டில் 6 விழுக்காடு என்பது 2,16,000. பொருளுக்குக் கொடுத்த 3,24,000 ரூபாய் வரியும் செலவாகவே நின்றுவிடும். ஆக 5,40,000 ரூபாய். வரி உட்பட 36 லட்சத்துக்குப் பேசிய சாதாரணப் பதிவுக்காரர் கடையிலும் அரசிடமுமாகச் சுமப்பது 5,49,000. வேறுபாடு 9,000 ரூபாய் மட்டுமே! பில்லோடு வாங்கும் பொருளின் பங்கு கூடக்கூட இணக்க வரியின் கவர்ச்சி குறையும். உழைப்பின் பங்கு மிகுந்த வேலைகளை எடுப்பவருக்குத்தான் அது உண்மையில் பயன்படும்.

உள்ளீட்டு வரி வரவு கிடைக்க வேண்டுமானால் கடைக்காரர் ஒப்பந்ததாரரின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் போட்டிருக்க வேண்டும், அதைத் தம் படிவத்தில் பதிவேற்றியிருக்க வேண்டும், ஒப்பந்ததாரரும் 180 நாளுக்குள் அவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் வாங்கினால் குறைவு’ என்று கடையில் சொல்லப்படும் விலை, பதிவு பெற்ற ஒப்பந்ததாரருக்கு அநேகமாகக் குறைந்த விலையாக இருப்பதில்லை. வீட்டுக்காரருக்கோ தம் பயன்பாட்டுக்குக் கடையோ அலுவலகமோ கட்டிக்கொள்ளும் வணிகருக்கோ இந்த வரவு கிடையாது. அசையாச் சொத்துக் கட்டுமானத்துக்கான வரவைச் சட்டம் தடுத்திருக்கிறது. மற்றொரு பணி ஒப்பந்தத்தைச் செய்வதற்காக வாங்கும் ஒப்பந்ததாரருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

எப்போது வரி கட்ட வேண்டும் என்பதும் குழப்பம் தருவது. வீட்டு வேலையில் பணம் கட்டம் கட்டமாக வரும்: அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, லிண்டல் மட்டத்தில் இவ்வளவு, கூரைக் கான்கிரீட் போட்டதும் இவ்வளவு என்று. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒவ்வொரு கட்டமும் முடியும்போது பில் போட்டாக வேண்டும். தொடக்கத்தில் வாங்கும் அட்வான்ஸுக்கும், சேவை என்பதால், வாங்கிய மாதத்திலேயே வரி உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரியையும் சுருக்கப் படிவத்தையும் 20ஆம் தேதிக்குள்ளும் முடிக்க வேண்டும். விற்றுமுதல் 5 கோடிக்கு உட்பட்டவர்கள் விரும்பினால் காலாண்டுத் தாக்கலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

வருமான வரியும் பிடித்தமும்

ஜி.எஸ்.டி. விற்றுமுதலின்மீது விழுவது, வருமான வரி லாபத்தின்மீது விழுவது. இரண்டிலும் ‘டி.டி.எஸ்.’ என்ற பெயரில் பிடித்தம் இருப்பதால் புதியவர்கள் ஒன்றோடொன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தால், ஒரே தவணை 30,000 ரூபாயையோ ஆண்டு மொத்தம் 1 லட்சத்தையோ தாண்டும்போது, தனிநபர் ஒப்பந்ததாரரிடம் 1 விழுக்காடும் கூட்டாண்மை அல்லது கம்பெனியிடம் 2 விழுக்காடும் வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டு தருவார்கள். பான் எண் கொடுக்கவில்லையென்றால் பிடித்தம் 20 விழுக்காடாகிவிடும். தொழிலில் எல்லோரும் இதை ‘194சி’ என்றே குறிப்பிடுகிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறையாவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆனால் பழக்கத்தில் அந்தப் பெயர் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும் என்றே தோன்றுகிறது. தம் குடியிருப்புக்காக வீடு கட்டும் தனிநபர் சாதாரணமாகப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒப்பந்ததாரருக்கு ஓர் ஆண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் மட்டும் 2 விழுக்காடு பிடிக்க வேண்டும்.

அரசு வேலையாக இருந்து ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கணக்கிலும் 2 விழுக்காடு பிடிக்கப்படும். 10 லட்சம் ரூபாய் வேலைக்கு 1,80,000 ரூபாய் வரியோடு பில் வைக்கும் தனிநபருக்கு வருமான வரியில் 10,000, ஜி.எஸ்.டி.யில் 20,000 பிடித்துக்கொண்டு 11,50,000 ரூபாய் வரும். வேறு பிணைத் தொகை நிறுத்திவைக்கப்பட்டால் இன்னும் குறையும். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால்தான் வருமான வரிப் பிடித்தம் 10 லட்சத்தின்மீது மட்டும் கணக்கிடப்படும். பிடித்த தொகைகள் காணாமற்போய்விடுவதில்லை. ஒன்று ஜி.எஸ்.டி. மின்னணுப் பணப் பேரேட்டிலும், மற்றொன்று வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையிலும் ஒப்பந்ததாரரின் பெயரில் வரவாகும்.

சிறு ஒப்பந்ததாரர்கள் முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல் உத்தேச வருமான முறையில், பழைய எண்படி 44ஏடி பிரிவின்கீழ், வரித்தாக்கல் செய்யலாம். விற்றுமுதல் 2 கோடிக்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 3 கோடிவரை இடமுண்டு. ரொக்கமாக வந்ததில் 8 விழுக்காடும் வங்கி வழியாக வந்ததில் 6 விழுக்காடும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். ஆண்டில் 60 லட்சம் ரூபாய் முழுவதும் வங்கி வழியாகப் பெற்றவருக்கு அது 3,60,000 ரூபாய். அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. ஆனால் 1 விழுக்காடு வீதம் பிடிக்கப்பட்ட 60,000 ரூபாய் துறையிடம் இருக்கும், அது திரும்ப வர வேண்டுமானால் வருமான வரித்தாக்கல் செய்தே ஆக வேண்டும். ‘எனக்குத்தான் வரி இல்லையே’ என்று தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள் விட்டுவிடுவது தங்கள் பணத்தைத்தான். 6 விழுக்காடு என்பது அடிமட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தவர் கூடுதலையே காட்ட வேண்டும்.

முழுக் கணக்கு வைப்பவர்கள் சனிக்கிழமைக் கூலியில் கவனமாக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. ஒவ்வொரு சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் தனித்தனியே கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் வாரக் கூலி அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். குழுவின் 60,000 ரூபாயை மேஸ்திரியின் கையில் மொத்தமாகக் கொடுத்தால் அடங்காது.

உரிமங்கள்: யாருக்காக, எத்தனை பேரோடு

தனியார் வீடு கட்டும்போது சட்டம் முதலில் பார்ப்பது வரைபடத்தில் கையெழுத்திட்டவரை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி கட்டட அனுமதிக்கான வரைபடத்தைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அளிக்க வேண்டும். அனுபவத்தால் ஒப்பந்ததாரர் ஆனவர் இதில் கையெழுத்திட முடியாது. அத்தகைய ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அனுமதி எளிதானதால் விதிமீறலுக்கான பொறுப்பு குறைந்துவிடவில்லை. மின்கம்பி வேலையை மட்டும் யாரும் எடுத்துச் செய்துவிட முடியாது. அதற்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டும். கட்டி விற்கத் தொடங்கினால் ஒப்பந்ததாரர் என்ற நிலை மாறி மனை வணிகத்தின் மேம்பாட்டாளர் ஆகிவிடுவார். நிலம் 500 சதுர மீட்டரையோ வீடுகள் எட்டையோ தாண்டினால் விற்பனைக்கு முன்பே மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிய வேண்டும், ஜி.எஸ்.டி. விகிதமும் வேறாகும்.

அரசு வேலைக்கு வகுப்புவாரியான பதிவு உண்டு. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சிகள் போன்றவை தனித்தனியே ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்கின்றன. எந்த வகுப்பில் பதிவோ அந்த வகுப்புக்கான தொகைவரைதான் டெண்டர் போட முடியும். முன்பு முடித்த வேலைகளின் சான்று, பான், ஜி.எஸ்.டி. பதிவு ஆகியவற்றோடு வட்டாட்சியரிடமிருந்து பெறும் சொத்து மதிப்புச் சான்றையும் கேட்பார்கள். டெண்டர்கள் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. இணையவழி டெண்டருக்கு மின்னணுக் கையொப்பமும் தேவை.

ஆட்களின் எண்ணிக்கை ஏற ஏறக் கடமைகள் கூடும். பத்துப் பேரை எட்டும்போது கட்டுமான நிறுவனப் பதிவும், மாதக் கூலி 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ.யும் வருகின்றன. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25 விழுக்காடு, தொழிலாளி 0.75 விழுக்காடு. இருபதில் வருங்கால வைப்பு நிதி. இருவருக்கும் 12 விழுக்காடு. ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த வரம்பும் இருபதுதான். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை ஐம்பதாக உயர்த்திவிட்டன. பழைய பதிவேடுகளும் புதிய விதிகளும் இடம் மாறும் காலம் இது என்பதால், வேலையைத் தொடங்கும் முன் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. தொழிலாளர் நல நிதிக்கான 1 விழுக்காடு கட்டட அனுமதியின்போதே உள்ளாட்சி அமைப்பில் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் சேரும் நல வாரியத்தில் தம்மிடம் வேலை செய்பவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்களா என்று விசாரிக்கும் ஒப்பந்ததாரர் குறைவு. விபத்து நடந்த பிறகுதான் அட்டை தேடப்படுகிறது. இவற்றோடு அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரியும் உண்டு. அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

ஒப்பந்தத் தாளில் எழுத வேண்டியவற்றுள், விலைக்குள் வரி அடங்குமா என்பதற்கு அடுத்தபடியாக, வேலை நடக்கும்போது வரி விகிதம் மாறினால் என்ன செய்வது என்ற வாசகமும் இடம்பெற வேண்டும். 2025 செப்டம்பர் 22இல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. சாதாரணப் பதிவில் இருந்த ஒப்பந்ததாரருக்கு அதனால் பெரிய லாபமில்லை. முன்பும் அந்த வரியை அவர் கழித்துக்கொண்டுதான் இருந்தார். இணக்க வரியில் இருந்தவருக்கும் பதிவே இல்லாதவருக்கும், கடைக்காரர் குறைப்பை விலையில் காட்டிய அளவுக்கு, மூட்டைக்கு மூட்டை செலவு குறைந்தது. வீட்டுக்காரர்கள் இருவரிடமும் ஒரே மாதிரி விலைக் குறைப்புக் கேட்டால், யாரிடம் கேட்பதற்கு நியாயம் உண்டு என்பதை அவரவர் வைத்திருக்கும் பதிவும் அந்தத் தாளில் எழுதியிருப்பதும்தான் சொல்லும்.